கால் கடலை, அரைக் கடலை

மாட்டுங்கா லேபர் கேம்ப்,
தாராவி, மும்பை.
29.4.2025

அன்புள்ள கோகிலாவுக்கு,

நீயும் அம்முவும் நாங்குநேரியில் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அத்தை மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னிடம் கத்தியது தப்புதான். நீ சாதாரணமாகத்தான் பேசினாய். அம்முவுக்கு நிலக்கடலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கிவிட்டால் பள்ளிக்கூடம் போகும்போது பயமிருக்காது, மாப்பிள்ளைக்குப் பால் பழகியது போலத்தானே என்று உன் அண்ணன் சுரேந்திரன் சொன்னதாகச் சொன்னாய். ஒரு துளிகூடக் கொடுக்கக் கூடாது என்று நான் போட்ட சத்தத்தில் நீ மறுபேச்சில்லாமல் சரி என்றாய். பிறகு அம்மு கையில் போனைக் கொடுத்துவிட்டாய். அவள் நான் சாப்பிட்டேனா என்று கேட்டாள். நான் போனை வைத்துவிட்டேன்.

ஏன் கத்தினேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் ஆரம்பித்தால் பாதியில் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். நான்கு மாதமாக அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறேன். இன்று காரகானா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நீ கேட்டபடி கல்யாணில் ஒரு ரூம் பார்த்தேன். வெளிச்சமாக இருக்கிறது, ஸ்டேஷனுக்கும் பக்கம். எதிர்வீட்டு லூசி அக்காவின் முகத்தில் விழிக்காத இடமாக இருந்தால் ஜூன் முதல் வாரமே வந்துவிடுகிறேன் என்று சொன்னாய். நான் தலையாட்டிவிட்டால் நீங்கள் இரண்டு பேரும் வந்துவிடுவீர்கள். அதை நினைத்து நினைத்துத்தான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. மாட்டுங்காவில் நீ சமைக்கப் போகும் வீட்டு மீனாட்சியம்மாளும் வேறு ஆள் வைக்காமல் உனக்காகக் காத்திருக்கிறார்களாம்.

என் பால் நோட்டு உனக்கு நினைவிருக்கும். பால் குடித்தால் வயிறு உப்பி, இரண்டு தடவை ஓடி, அரை நாள் சுருண்டு கிடப்பேன். பால் அலர்ஜி என்று நானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். கிளினிக் டாக்டர்தான் இரண்டு வாரம் பாலை நிறுத்தச் சொன்னார். பிறகு ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூன் என்று சேர்த்து, தின்றது என்ன, எத்தனை மணிக்கு வயிறு என்ன செய்தது என்று எழுதிவைக்கச் சொன்னார். டீயில் இரண்டு ஸ்பூன் தாங்கும், தயிர் தாங்கும், பாயசம் ஆகாது என்று எல்லை கண்டுபிடித்தேன். டீயை ஸ்பூனால் அளக்கிற என்னைப் பார்த்து, பெரிய ஆபீசர் வந்துட்டாரு என்று நீ கிண்டல் செய்வாய். என் வாழ்க்கையில் நானாக ஒழுங்காகச் செய்து முடித்த காரியம் அது ஒன்றுதான். அந்தப் பெருமை எனக்கு ரொம்ப இருந்தது.

அம்முவுக்கு மூன்று வயதில் சிக்கி என்கிற கடலை மிட்டாய் தின்று உடம்பெல்லாம் தடித்ததும் நீ வீட்டில் கடலையே வைக்கவில்லை. டாக்டர் கொடுக்காதே என்றார், நீ கொடுக்கவில்லை. அவ்வளவுதான் உனக்கு. எனக்கு அது பயந்தாங்கொள்ளித்தனமாகப் பட்டது. இந்த ஊரில் வடாபாவுக்குள் வைக்கிற பூண்டுப் பொடியில் கடலை, ஜவ்வரிசிக் கிச்சடியில் கடலை. எத்தனை நாள் பொத்தி வளர்ப்பது என்று நினைத்தேன்.

போன டிசம்பரில் ஆர்டர் முடிந்து காரகானாவை ஒரு வாரம் மூடினார்கள் அல்லவா. சாயங்காலம் நீ மாட்டுங்காவுக்குச் சமைக்கப் போனதும் நான்தான் அம்முவைப் பார்த்துக்கொண்டேன். அந்த வாரம் என் பால் நோட்டின் கடைசிப் பக்கங்களில் அவள் பெயரை எழுதினேன். இருபத்திரண்டாம் தேதி, வறுத்த கடலை கால் பங்கு. ஒன்றுமில்லை. இருபத்து மூன்றாம் தேதி, அரைக் கடலை. உதட்டில் அரிப்பு, பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது. அதற்குப் பக்கத்தில் 'பழகுகிறது' என்று எழுதியிருக்கிறேன், கோகிலா. அந்த வார்த்தையைப் பார்க்கும்போதெல்லாம் என் கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

இருபத்தைந்தாம் தேதி ஒரு முழுக் கடலை. சோற்றில் வெல்லத்தோடு நசுக்கிக் கொடுத்தேன். ஐந்து நிமிஷம் ஆகவில்லை. இருமினாள், வாந்தியெடுத்தாள், கண் இமை வீங்கி மூடிக்கொண்டது. மூச்சு விசில் மாதிரி கேட்டது. தூக்கிக்கொண்டு ஓடி டாக்ஸி பிடித்தேன். ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டுத்தான் அவளை மீட்டார்கள். நீ சமையல் கையோடு ஓடிவந்து என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டாய். லூசி அக்கா கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த கலகலா பலகாரத்தைத் தின்றாள் என்றேன்.

மத்தியானம் இரண்டு கலகலா தின்றது நிஜம். ஆனால் அதனால் வரவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

மறுநாள் நீ சந்தில் நின்று லூசி அக்காவைப் பேசிய பேச்சை நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மு பிறந்ததிலிருந்து நீ காலை வேலைக்குப் போகும்போதெல்லாம் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டவள் அவள். கடலை எண்ணெயில் பொரித்துப் பிள்ளையைக் கொல்லப் பார்த்தாயே என்று நீ கேட்டாய். உன்மேல் தப்பில்லை. நான் சொன்னதை நம்பிக் கேட்டாய். பொங்கல் முடிந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நீ ஊருக்குப் போனபோதும் நான் ரயிலேற்றிவிட்டு வந்தேனே ஒழிய, வாயைத் திறக்கவில்லை.

இந்த ஈஸ்டருக்கு லூசி அக்கா யார் வீட்டுக்கும் பலகாரத் தட்டு அனுப்பவில்லை. முப்பது வருஷமாகச் சந்தில் எல்லா வீட்டுக்கும் அனுப்புகிறவள். இரண்டு நாள் கழித்து என்னைத் தேடி வந்தாள். கையில் ஒரு எண்ணெய் பாக்கெட் உறை. டிசம்பரில் வாங்கியது, கழுவி மடித்து பைபிளுக்குள் வைத்திருந்தாளாம்.

“தம்பி, இதுல கடலை இருக்கான்னு வாசிச்சுச் சொல்லு. எம் மேல தப்புன்னா இருந்துட்டுப் போவுது. எதுன்னு தெரியலேன்னா பிள்ளைக்கு மறுபடியும் வந்துருமே” என்றாள்.

சூரியகாந்தி எண்ணெய் என்று வாசித்துக் காட்டினேன். அப்போதும் சொல்லவில்லை. அவள் அந்த உறையை மறுபடி மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ சுரேந்திரன் யோசனையைச் சொன்னாய். என் நோட்டை நான் இல்லாத ஊரில் இன்னொருத்தர் திறந்தது போலிருந்தது. அதனால்தான் கத்தினேன்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போய், அன்று அம்முவைப் பார்த்த டாக்டர் விஜயலக்ஷ்மியிடம் நோட்டைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். நிதானமாகத்தான் பேசினார்கள். எனக்கு இருப்பது அலர்ஜியே இல்லையாம். பாலைச் செரிக்கிற சக்தி என் குடலில் குறைவு, அவ்வளவுதான். அதனால் அளவு முக்கியம். கொஞ்சம் தாங்கும், அதிகமானால் வயிற்றோடு போய்விடும், உயிருக்கு ஒன்றும் ஆகாது. அம்முவுடையது வேறு. கடலையை எதிரி என்று நினைத்து அவள் உடம்பே சண்டைக்குக் கிளம்புகிறது. அதில் சின்ன அளவு, பெரிய அளவு என்று நம்பி இருக்க முடியாது. முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை என்பதால் அடுத்த நாளும் ஆகாது என்றில்லை. அந்த உதட்டு அரிப்பு பழகுவதற்கு அடையாளம் இல்லையாம், எச்சரிக்கையாம். சில பெரிய ஆஸ்பத்திரிகளில் டாக்டர்களே கூட இருந்து பழக்குவது உண்டாம். அது வீட்டில் செய்கிற காரியம் இல்லை என்று இரண்டு தடவை சொன்னார்கள்.

இதைச் சுரேந்திரனுக்கும் அத்தைக்கும் வாசித்துக் காட்டு. என் மானம் போனால் போகட்டும். கடலை அரைத்த மிக்ஸியில் அம்முவுக்குச் சட்னி அரைக்க வேண்டாம். கடையில் வாங்குவது எதுவானாலும் உறையைப் படி. உதடோ முகமோ வீங்கினால், தோல் தடித்து அதோடு வாந்தி வந்தால், இருமினால், மூச்சு இழுத்தால், துவண்டு சாய்ந்தால், சிரப் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்காதே. உடனே அந்தத் தொடை ஊசி போடுகிற ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ. பக்கத்தில் எங்கே அது இருக்கிறது என்று இன்றே சுரேந்திரனை விசாரித்துவரச் சொல். சரியானதும் கூட்டி வந்துவிடாதே. சில மணி நேரம் கழித்து வீக்கமும் இழுப்பும் மறுபடி வரலாமாம். நோட்டிலிருந்த அந்த மூன்று பக்கங்களைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். அங்கே டாக்டரிடம் காட்டும்போது அதையும் காட்டு.

இன்று காலையில் லூசி அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். உனக்கு முன்னால் அவளிடம் சொன்னதற்குக் கோபப்படாதே. எதிர்வீட்டில் இருந்துகொண்டு இன்னொரு நாள் என்னால் முடியவில்லை. காப்பி போட்டுக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்தாள்.

“சந்துல அத்தன வீடு இருக்க, ஒன் வாயில எம் பேருதானா வந்துச்சு?” என்று கேட்டாள்.

எது சொன்னாலும் மன்னிப்பாள் என்ற தைரியமாக இருக்கலாம். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் இதை எழுதுகிற வரைக்கும் திறக்கவில்லை.

கல்யாண் ரூமை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இங்கே யாரையும் விட்டு நீ விலகி ஓட வேண்டியதில்லை. என்னை விட்டு விலக வேண்டும் என்று தோன்றினால், நீ இந்த வீட்டுக்கு வா, நான் காரகானாவிலேயே படுத்துக்கொள்கிறேன். என்னை மன்னிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அம்முவை என்னிடம் தனியாக விட உனக்கு எப்போது மனம் வருகிறதோ, அதுவரை விடாதே. அவளுக்கு விவரம் தெரியும் வயது வந்ததும் இதை நானே அவளிடம் சொல்வேன்.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். கலகலா வந்த அந்தக் கிறிஸ்துமஸ் தட்டு நம் அலமாரியிலேயே இருக்கிறது. அடியில் லூசி அக்கா பெயரையும் அவள் புருஷன் மிக்கேல்ராஜ் அண்ணன் பெயரையும் புள்ளி புள்ளியாகக் கொத்தியிருக்கிறார்கள். வந்த தட்டைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். காலையில் அதைக் கழுவித் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதில் வைத்துக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நீ வந்து ஏதாவது செய்து அதில் வைத்து, அம்மு கையில் கொடுத்து எதிர்வீட்டுக்கு அனுப்பு. அவள் தட்டினால் அந்தக் கதவு திறக்கும்.

என் பிள்ளையின் மூச்சு என்றும் சீராக ஓடட்டும்.

இப்படிக்கு,
மாரிசெல்வம்