மாப்பிள்ளை திருப்பி அனுப்பிய துணி

பிப்ரவரி 3

மாப்பிள்ளை அவர்களுக்கு,

அத்தை எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுத ஆசைதான். ஆனால் நலமாக இருக்கிற வீட்டில் மாமியார் அனுப்பிய பார்சலைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

கூரியர்காரன் நேற்று கடையில் கூட்டம் நிற்கும்போது வந்து மேசைமேல் தொப்பென்று போட்டான். "உங்க பொண்ணு வீட்டுல வாங்கமாட்டேன்னுட்டாங்கம்மா" என்று மைக் வைத்த மாதிரி சொன்னான். சுடிதார் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, கையில் எடுத்ததை மெதுவாகக் கீழே வைத்தார். பெற்ற மகளே வேண்டாம் என்கிற துணியை ஊரான் ஏன் வாங்குவான்?

போனில் கேட்கலாம் என்றால் பாப்பா "அவர்கிட்ட பேசும்மா" என்கிறாள். நீங்கள் "வேலையா இருக்கேன் அத்தை" என்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். போனைப் பாதியில் வைக்கலாம், கடிதத்தை வைக்க முடியாது.

பல் பிடுங்கப் போன என் வாடிக்கையாளர் ஒருவர் கிளினிக்கில் பாப்பாவைப் பார்த்திருக்கிறார். வாசலில் உட்கார்ந்து பேர் பதிகிற பெண்ணை வருகிறவர்கள் எல்லோரும்தான் பார்ப்பார்கள். திங்கட்கிழமை நீலச் சட்டை. வியாழக்கிழமை அதே நீலச் சட்டை. அடுத்த வாரம் போனாலும் அதே நீலம். "உங்க பொண்ணுக்கு ஏதாச்சும் கஷ்டமாக்கா?" என்று என்னைக் கேட்கிறார். என்னை!

நீங்கள் பிரிட்ஜ் மெக்கானிக். பழசை லேசில் விடமாட்டீர்கள். அது உங்கள் தொழில், அதில் எனக்கு மரியாதை உண்டு. பிரிட்ஜை ரிப்பேர் பண்ணுங்கள். என் மகளை ரிப்பேர் பண்ணாதீர்கள்.

ஏப்ரல் பத்தாம் தேதி புதுக்கடை திறக்கிறேன். இரண்டு மாடி. பாப்பா வந்து கல்லாவில் உட்கார வேண்டும். காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்று, விளக்குப் போட்டபின் ஒன்று என்று மூன்று உடுப்பை இந்தப் பார்சலில் மறுபடி வைத்திருக்கிறேன். இதுவும் திரும்பி வந்தால் நானே எடுத்துக்கொண்டு வருவேன். உங்கள் வாசலில் நின்று பேசுவேன். என் குரல் எத்தனை வீடு தாண்டிக் கேட்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

அத்தை


பிப்ரவரி 9

அத்தைக்கு வணக்கம்.

பார்சல் வந்தது. இந்தக் கடிதத்தோடு திரும்பி வருகிறது. இந்தத் தடவை பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். அந்தக் குறை வேண்டாம்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஏதாவது உடுப்பு கண்ணில் பட்டால் உடனே வாங்குவதில்லை. ஒரு மாதம் விடுகிறோம். அதற்குப் பிறகும் ஞாபகம் இருந்தால், இருக்கிறதில் எது கிழிந்தது என்று பார்க்கிறோம். கிழிந்திருந்தால் கடைக்குப் போகிறோம். பெரும்பாலும் மறந்துபோகிறது. பாப்பாவின் அலமாரியில் ஆறு உடுப்பு இருக்கிறது. ஆறையும் போடுகிறாள். கஷ்டமா என்று கேட்டவரிடம் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

ரிப்பேர் பற்றிச் சொன்னீர்கள். நான் வேலைக்குப் போகிற வீடுகளில் பாதி இடத்தில் மோட்டாரில் ஒரு கோளாறும் இருக்காது. காற்றுப் போக வழியில்லாமல் உள்ளே அடைத்து வைத்திருப்பார்கள். இரண்டு தட்டைக் காலி பண்ணிக் கொடுத்தால் பிரிட்ஜ் பாட்டுக்கு ஓடும். உடனே, "இதுக்கா காசு? நீ என்ன பெருசா பண்ணிட்ட?" என்று சண்டைக்கு வருவார்கள். உங்கள் கடிதம் படித்தபோது அவர்கள் ஞாபகம்தான் வந்தது.

வாசலில் நின்று பேச வந்தால் நாற்காலி போடுகிறேன்.

மாப்பிள்ளை


பிப்ரவரி 15

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நாற்காலி போடுகிற அளவுக்கு வாய் வளர்ந்துவிட்டது. சந்தோஷம். முதன்முதலாக என் வீட்டுக்கு வந்தபோது குடிக்கத் தண்ணீர் கேட்கக் கூசினவர் நீங்கள்.

கஞ்சத்தனத்துக்கு வழக்கம் என்று பேர் வைத்திருக்கிறீர்கள். ஒரு மாதம் விடுவார்களாம்! ஊரில் எல்லோரும் ஒரு மாதம் விட்டால் நான் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

உங்களுக்கு ஒரு தொழில் உண்மை சொல்கிறேன், வெளியில் விடாதீர்கள். வாங்கிப் போட்டுக் கிழிக்கிறவர்களால் எனக்கு லாபம் கிடையாது. அவர்கள் மறுபடி வர வருடமாகும். வாங்கிக்கொண்டு போய் அலமாரியில் சொருகிவிட்டு மறந்துபோகிறவர்கள்தான் அடுத்த மாதமே "போட ஒண்ணுமே இல்லக்கா" என்று வந்து நிற்பார்கள். அந்தப் புண்ணியவதிகளால்தான் உங்கள் மனைவி படித்தாள். அவர்களால்தான் இன்றைக்கு இரண்டு மாடி எழும்பி நிற்கிறது.

நான் மட்டும் வருடத்துக்கு இரண்டு புடவைக்குமேல் எடுப்பதில்லையே என்று அடுத்த கடிதத்தில் எழுதலாம் என்று வைத்திருப்பீர்கள். நானே எழுதிவிடுகிறேன். மிட்டாய் விற்கிறவள் மிட்டாய் தின்ன ஆரம்பித்தால் கடை விளங்குமா?

பாப்பா விஷயம் வேறு. அவள் அப்பா எங்களை விட்டுவிட்டுப் போனபோது மிஞ்சியது ஒரு சைக்கிளும் அவளும்தான். அந்தச் சைக்கிளில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு நான் தெருத்தெருவாகப் போன காலத்திலேயே தினம் ஒரு புதுசு போட்ட பிள்ளை அவள். "நீ என்ன மந்திரி வீட்டுப் பிள்ளையா?" என்று டீச்சரே கேட்பாராம். அப்படி ராணி மாதிரி வளர்ந்தவளை நீங்கள் ஆறு உடுப்பில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறீர்கள். அவளையே கேளுங்கள். கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள், பார்ப்போம்.

அத்தை


பிப்ரவரி 27

அத்தைக்கு,

கேட்டேன். எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அந்த வழக்கம் நான் கொண்டுவந்தது இல்லை. அவள் கொண்டுவந்தது. உங்களிடம் சொல்ல அவளுக்குப் பயம். "அம்மாகிட்ட உங்க பேரச் சொல்லிடவா?" என்றாள். சொல்லிக்கொள் என்றேன். கஞ்சன் என்கிற பேர் தூக்கிச் சுமக்க ஒன்றும் கனமில்லை.

தினம் புதுசு போட்டாள் என்பது உண்மைதானாம். விலைச் சீட்டைக் கழுத்துக்குப் பின்னால் உள்ளே மடித்துவிட்டு அனுப்புவீர்களாம். அழுக்குப் பட்டுவிடும் என்று மணலில் உட்காரமாட்டாளாம். மற்ற பிள்ளைகளோடு ஐஸ் தின்னும்போது கழுத்தை முன்னால் நீட்டி, கையைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு தின்பாளாம். சாயங்காலம் மூட்டையோடு அவளையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவீர்கள். யாராவது "இதே மாதிரி என் பொண்ணுக்கு வேணும்" என்றால், "பாப்பா, கழட்டும்மா" என்பீர்கள். வெறும் சிம்மீஸோடு பின்சீட்டில் உட்கார்ந்து வீட்டுக்கு வருவாளாம். ஒரு தடவை ஆரஞ்சு கவுன் ஒன்றைப் பாய்க்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். கண்டுபிடித்து, தேய்த்து, மறுநாளே விற்றுவிட்டீர்கள்.

இதையெல்லாம் அழுதுகொண்டு சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "எங்கிட்ட எல்லாம் இருந்துச்சு. ஒண்ணுகூட என்னுது இல்ல."

அலமாரியில் இருக்கிற ஆறும் அவளுடையது. ஏழாவதாக எதையும் திணிக்காதீர்கள்.

ராணி என்று எழுதியிருந்தீர்கள். துணிக்கடை வாசலில் நிற்கிற பொம்மைக்குக்கூடத் தினம் உடுப்பு மாற்றமாட்டார்கள் அத்தை.

மாப்பிள்ளை


மார்ச் 6

மாப்பிள்ளைக்கு,

"அவர்களுக்கு" போடவில்லை. பொம்மை என்று எழுதினவருக்கு இவ்வளவு போதும்.

ஆமாம், கழற்றினேன். விற்றேன். மன்னிப்பு வாங்கலாம் என்று வந்திருந்தால் வேறு கடை பாருங்கள். மூட்டையில் மடித்துக் கிடந்தால் அது வெறும் துணி. பிள்ளை போட்டுக்கொண்டு நடந்தால்தான் இன்னொரு பிள்ளையைப் பெற்றவளுக்குக் கை நீளும். விற்ற அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. விற்காத அன்றைக்கு எரியவில்லை. அந்த ஆரஞ்சு கவுனும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதை எடுத்தவர் இன்றைக்கும் என் வாடிக்கை. அவர் மகளுக்கே இப்போது மகள் இருக்கிறாள்.

பயமாம். சரக்கு எடுக்கிற இடத்தில் அத்தனை ஆம்பிளைகளுக்கும் என்னைக் கண்டால் பயம். அது எனக்குப் பிடிக்கும். பெற்ற பிள்ளைக்குமா என்று நினைத்து நேற்றும் இன்றும் கடையில் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது உங்கள் ஜெயம். வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பேரத்துக்கு வருகிறேன். தன் ஆறில் எதை வேண்டுமானாலும் போட்டுக்கொண்டு வரட்டும். நான் துணி கொடுக்கமாட்டேன். அவள் துணியைப் பற்றி வாயே திறக்கமாட்டேன். திறப்பு அன்றைக்கு முதல் பில் அவள் கையால் போட வேண்டும், அவ்வளவுதான். ஊர் பார்க்கட்டும் என்று கேட்கவில்லை. வியாபாரத்துக்காகவும் கேட்கவில்லை. எனக்கு அவள் வர வேண்டும்.

இதற்குமேல் இறங்கி எனக்குப் பழக்கமில்லை.

அத்தை


மார்ச் 14

அத்தைக்கு,

வருகிறாள். நீலச் சட்டையில்தான் வருவாள். மதியம் வரை இருப்பாள். காலையில் வாசலில் விட்டுவிட்டு வேலைக்குப் போய், ஒரு மணிக்கு நான் வந்து கூட்டிக்கொள்வேன்.

உங்கள் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தாள். இதற்கும் ஒரு மாதம் எடுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். நான் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் "போறேன்" என்றாள். இதை உங்களுக்கு எழுத எனக்கு இஷ்டமில்லை. எழுதச் சொன்னது அவள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். தவறினால் அடுத்த பேரத்துக்கு என்னைக் கூப்பிடாதீர்கள்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 15

மாப்பிள்ளை அவர்களுக்கு,

அவள் உங்களிடம் என்ன சொன்னாளோ தெரியாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கூட்டிக் குறைத்துச் சொல்வதெல்லாம் வியாபாரத்தோடு சரி.

காலையில் வந்து கல்லாவில் உட்கார்ந்தாள். "சாப்டியா?" என்றேன். "ம்" என்றாள். "சீட்டு உயரமா இருக்கா?" என்றேன். "சரியா இருக்கும்மா" என்றாள். துணியைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. முதல் பில்லை அவள் கையால் போட்டாள். அவ்வளவு கூட்டத்தில் எனக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

பதினொரு மணி வாக்கில் ஒரு அம்மா வந்தார். பெரிய கை. குடும்பத்துக்கே எடுக்க வந்தவர். இரண்டு மாடியும் சுற்றியும் ஒன்றும் பிடிக்கவில்லை. வெளியே போகிற வழியில் பாப்பாவைப் பார்த்து நின்றார்.

"இந்த நீலம் அம்சமா இருக்கே. இத ஏன் யாரும் எனக்குக் காட்டல?"

"நம்ம கடைதாங்க. இது ஒண்ணுதான் மிச்சம்" என்றேன். பொய்தான். வாய் தானாகச் சொன்னது.

"அப்ப இதையே குடுப்பீங்களா?"

மாப்பிள்ளை, நான் யோசித்துச் சொல்லவில்லை. "பாப்பா, கழட்டும்மா" என்று சொல்லிவிட்டேன்.

அவள் எழுந்தாள். தொங்குகிறதில் ஒரு சாம்பல் சட்டையை எடுத்தாள். முழுக்கை, ஒரு வேலைப்பாடும் இல்லாதது. உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தாள். நீலத்தை நான் சொல்லிக்கொடுத்த அதே மடிப்பில் மடித்து என் முன்னால் வைத்தாள். கைப்பையைத் திறந்து சாம்பல் சட்டைக்கு உண்டான பணத்தை அதன்மேல் வைத்தாள்.

"பில் போடுங்க."

என்னைப் பார்த்து, போடுங்க.

"என்னடி இது?" என்றேன்.

"எனக்குன்னு வாங்கறேங்க. ரசீது வேணும்."

போட்டேன். வேறு என்ன செய்வது, பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். ரசீதை வாங்கிக்கொண்டு வெளியே போய் உங்கள் வண்டிக்காக நின்றாள். நீங்கள் சொன்ன மாதிரி ஒரு மணிக்குத்தான் வந்தீர்கள். அவ்வளவு நேரமும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் அவளைத் தாண்டித்தான் உள்ளே வந்தார்கள்.

அந்த அம்மாவுக்கு நீலத்தை விற்கவில்லை. "பழசுங்க" என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருட வியாபாரத்தில் பழசைப் பழசு என்று நான் சொன்னது அன்றைக்குத்தான். அதற்காக எனக்கு யாரும் மாலை போட வேண்டாம்.

நீலச் சட்டையை இதோடு அனுப்பியிருக்கிறேன். சும்மா அனுப்பவில்லை. முழங்கையில் கறுப்பு நூலில் கோணல்மாணலாக ஒரு தையல் இருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. நம் டெய்லரிடம் கொடுத்து அதைப் பிரித்து, அதே நிற நூலில் இடம் தெரியாமல் இழையோட்டச் சொன்னேன். வெளுத்த இடத்துக்குச் சாயம் ஏற்றி, காலர் மாற்றி, அட்டை வைத்து மடித்திருக்கிறேன். இப்போது யார் பார்த்தாலும் புதுசு என்றுதான் சொல்வார்கள். அவளிடம் கொடுங்கள். கொடுத்துவிட்டு எனக்கு ஒரு போன் பண்ணச் சொல்லுங்கள். நீங்கள் பண்ண வேண்டாம்.

அத்தை


ஏப்ரல் 24

அத்தைக்கு,

பார்சல் வந்தது. அவளே பிரித்தாள். முழங்கையைத் தடவித் தடவித் தேடினாள். "எங்க போச்சு?" என்றாள்.

அந்தத் தையல் அவள் போட்டது. துணிக்கடைக்காரர் மகளுக்கு ஊசி பிடிக்கத் தெரியாது. கிழிகிற வரைக்கும் எதையும் வைத்திருந்தால்தானே? பக்கத்து வீட்டில் ஊசி நூல் வாங்கி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து போட்டாள். விரலெல்லாம் குத்திக்கொண்டு வந்து, பந்தயத்தில் ஜெயித்த மாதிரி என்னிடம் காட்டினாள்.

சட்டையை மாடி வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். புதுசு என்று நினைத்து அந்தப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம்.

போன் பண்ணச் சொன்னீர்கள் என்று அவளிடம் சொன்னேன். உங்களிடம் காசு கொடுத்து வாங்கிய சாம்பல் சட்டையைப் போட்டிருந்தாள். குனிந்து அதன் கையைப் பார்த்தாள். "இது கிழியட்டும். அப்புறம் பேசறேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் உங்களுக்கு ஆறுதலாக ஏதாவது எழுதியிருப்பேன்.

அதுவரை நீங்களும் எழுத வேண்டாம்.

அந்தச் சாம்பல் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தபோது இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தேன். உள்பக்கம் திருப்பித் தையலையும் பார்த்தேன்.

நல்ல துணி, அத்தை. அவ்வளவு சீக்கிரம் கிழியாது.

மாப்பிள்ளை