நடந்து பாக்காத பாதை

தங்கச்சிமடம்
டிசம்பர் 11

நண்டு, என் கண்ணே,

மாதா உனக்குத் துணையா இருக்கட்டும். இங்கன நானும் உன் தங்கச்சி ஜோஸ்லினும் மாப்பிள்ளையும் கஞ்சி தண்ணி குடிச்சு உசுரோட இருக்கோம், சுகம்னு எழுதத்தான் கை வரல. நீ வேளைக்குத் திங்கிறியா, டேங்கர் ஓட்டுறப்ப கண்ணு சொக்காம ஓட்டுறியா. போனுல அப்பா பேச்சு வந்ததும் வச்சிடுற, அதான் எழுதுறேன். வீரமணி மவன் செவ்வாக்கிழமை மஸ்கட்டு வாரான், அவன் கையில குடுத்து விடுறேன். பாதியில மடிச்சு வச்சிராம முழுசும் படி.

அப்பாவுக்கு முப்பதாம் நாள் பூசை முடிஞ்சுது. அன்னிக்கு அப்பாவோட மலைக்காட்டுக்கு வந்தவங்கள்ல அந்த மதுரைப் புள்ள பானுப்பிரியா மட்டும் பஸ் ஏறி வந்துச்சு. பேங்குல வேலையாம், வண்டி வாங்கி நாலு மாசந்தான் ஆகுதாம். அது சொல்லித்தான் நடந்தது எனக்கு முழுசாத் தெரியும். உங்க அப்பா இருவத்திரெண்டு வருசம் தனுஷ்கோடி மணல்ல டூரிஸ்ட்டு வேன் ஓட்டுன மனுசன். மணல்ல நின்னா பொதையும், பிரேக்கு போட்டாலும் பொதையும், டயருல காத்தைக் கொறச்சுக்கிட்டு ஒரே சீராப் போயிக்கிட்டே இருக்கணும், அதான் அவருக்குத் தெரிஞ்ச வித்தை. ரோடு வந்து வேன் பொழப்பு போனப்பறம் நீதான், பட்டணத்து ஆளுகளுக்குக் கரடுமுரடுல வண்டி ஓட்டப் பழக்குவோம்ப்பான்னு ஆரம்பிச்ச. கடக்கரையிலயும் உப்பூர்ப் பக்கம் கருவக்காட்டுக்குள்ளயும் ரெண்டு வருசம் ஒரு கீறல் இல்லாம கூட்டிட்டுப் போயிட்டு வந்தாரு. அந்த மலைக்காட்டுப் பாதை மட்டும் நீ அங்கன உக்காந்து போனு மேப்பைப் பாத்துப் போட்டது. புதுசா ஓட்டுறவங்களுக்கு லேசான பாதை, பன்னெண்டு கிலோமீட்டருன்னு எழுதி அனுப்பியிருந்த. அதை ஜோஸ்லினைப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, எம்மவன் மஸ்கட்டுல இருந்தே காட்டை அளந்துட்டான்டின்னு தெருவெல்லாம் பீத்துனாரு. யாரும் போயி நடந்து பாக்கல. அவருக்கும் தோணல, மணல்ல யாரு நடந்து பாப்பா, ஒரு காத்து அடிச்சா காலையில பாத்த வழி சாயங்காலம் இருக்காது.

முந்தின நா மழைக்குச் செம்மண்ணு வழவழன்னு கெடந்துச்சாம். எறக்கத்துல அப்பா ஜீப்பு முன்னால, இந்தப் புள்ள வண்டி பின்னால. வாக்கி டாக்கியில, நிக்காத தாயி, பிரேக்குல கால வைக்காத, என் பின்னாடியே வான்னு சொல்லிக்கிட்டே போயிருக்காரு. திருப்பத்துல பாதையோரம் மழைத்தண்ணி அரிச்சு ஒண்ணுமில்லாம இருந்திருக்கு. எறங்கி ரெண்டெட்டு நடந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். அப்பா ஜீப்பு அதுல சரிஞ்சு பள்ளத்துக்குள்ள போயிருச்சு. இந்தப் புள்ள பயந்துபோயி, சொன்ன பேச்சைக் கேக்காம முன்னாடியே வண்டிய நிறுத்திருச்சாம். நான் பயந்தாங்கொள்ளிம்மா, அதான் உசுரோட இருக்கேன்னு என் மடியில விழுந்து அழுதுச்சு. நல்லவேளை பயந்தடின்னேன், வேற என்ன சொல்ல.

இப்ப தை மாசம் அதே பாதையில அப்பா பேரைப் போட்டு ஆள் சேத்திருக்கியாம், ஜோஸ்லின் போனுல காட்டுனா. முன்னால ஓட்டப் போறது மாப்பிள்ளையாம். அவரும் மச்சான் சொன்னா செஞ்சிட வேண்டியதுதான் அத்தேன்னு மிச்சமிருக்க ஜீப்பைக் கழுவிக்கிட்டு நிக்கிறாரு. அவளுக்கு இது ஆறாம் மாசம். ராப்பகலா என் மொகத்தையே பாக்குறா. சாவிய நான் எடுத்து வச்சிருக்கேன், வேற சாவி போட எத்தனை நேரம் ஆகும் சொல்லு. ஏலே, அப்பா பேரு நிக்கணும்னு இன்னொருத்தரை அங்கன எறக்கி விடுறதா.

நான் ட்ரிப்பே வேணாங்கல. மாப்பிள்ளைக்கும் ஒரு பொழப்பு வேணும். தையில வேணாம், மண்ணு நல்லாக் காயட்டும். நீ லீவு சொல்லிட்டு வா, ரெண்டு பேரும் அந்தப் பாதைய முச்சூடும் கால்ல நடங்க. எங்கன வண்டி திருப்ப எடம் இருக்கு, எங்கன ஆளுகளை எறக்கி நடக்க விடணும்னு பாத்து எழுதுங்க. புதுசா வாரவங்களுக்குப் பன்னெண்டு கிலோமீட்டரு எதுக்கு, மூணு போதும். அந்த ஊரு ஆளு ஒருத்தரு முன்னால நடக்கட்டும். மொதல்ல நிக்கச் சொல்லிக் குடு, அப்பறம் ஓட்டச் சொல்லிக் குடு. பயந்து நிறுத்துனா வெக்கமில்லைன்னு ஏறுறதுக்கு முன்னாடியே சொல்லிரு. நடக்க முடியாதுன்னா அந்தப் பாதைய விட்டுரு, அதுல போகலன்னா ஒண்ணும் கொறஞ்சு போகாது.

எம்மேல கோவமாம்மான்னு ஒரு நா கேட்ட. இருக்குய்யா. பெத்தவளுக்கு அது கடைசி வரைக்கும் இருக்காது, இப்ப இருக்கு. அதுக்காக வராம இருந்துராத.

வெறும் வயித்தோட வண்டி எடுக்காத. சேர்ந்திருக்க ஆளுகளுக்கு இந்த வாரமே தையில இல்லைன்னு சொல்லிரு, மறந்துராத. ஆண்டவரு உன்னைக் கண்ணுக்குள்ள வச்சுக் காக்கட்டும், நீண்ட ஆயுசு குடுக்கட்டும்.

உன்னைப் பெத்தவ,
ஜோதிமேரி

மூடி ஒட்டுறதுக்கு முன்னால இன்னும் ஒண்ணு. தையில மாப்பிள்ளை அந்தத் திருப்பத்துக்கு மேல நின்னுக்கிட்டு, மச்சான், எறங்கவா வேணாமான்னு கேட்டா, நீ அங்கன இருந்து என்னய்யா சொல்லுவ?