உன் ஒரே டேக்

இன்று காலை லேப்டாப் திரையில் மறுபடியும் அதே வரி: ஆடியோ டிவைஸ் கிடைக்கவில்லை. மைக்கைச் செருகியிருக்கும் பெட்டி பச்சை விளக்கோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது, கிடைக்கவில்லையாம். சனியன். நீ இருந்திருந்தால் என்னை நாற்காலியிலிருந்து தள்ளிவிட்டிருப்பாய். "எந்திரி நைனா. ரெண்டு டிரைவர் ஒரே பெட்டிக்கு அடிச்சிக்கினு கீது. ஒண்ண மூடு, போதும்."

பெட்டியை லேப்டாப்புக்கு அடையாளம் காட்டும் புரோகிராம்தான் டிரைவர். பெட்டியோடு வந்தது ஒன்று. எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று நான் இணையத்தில் இறக்கிய ஓசி டிரைவர் இன்னொன்று. பிரவுசரில் ஒரு வீடியோ ஓடினாலே ரெக்கார்டிங் சாப்ட்வேர் கையை விரித்துவிடும். நீ பிரவுசரை மூடுவாய், ஓசியை அணைப்பாய், சாப்ட்வேரைத் திரும்பத் திறப்பாய். பிறகு நகத்தால் மைக்கில் மூன்று தட்டு. திரையில் கோடு மூன்று முறை துள்ளினால்தான் பாடுவாய். அசோக் நகரில் என் வீட்டுப் படுக்கையறையை நாம் ஸ்டுடியோ ஆக்கியதிலிருந்து அந்தத் தட்டு இல்லாமல் ஒரு வரிகூடப் பதிந்ததில்லை, ஒரு நாள் தவிர.

அந்த நாளுக்கு மறுநாள் அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரியில் உனக்கு ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். மூன்று வயது மகளுக்காக நீயே கட்டிய தாலாட்டைப் பதிந்துவைக்க வந்தாய். "ஒரு டேக்தான் மச்சி. அதுக்கு மேல தொண்டை தாங்காது" என்றாய்.

டிரைவர் சண்டையில் ஒரு மணி நேரம் போயிற்று. எழுந்து வந்து சரிபார்க்க உனக்குத் தெம்பில்லை. ஒருவழியாகச் சாப்ட்வேர் திறந்தது. பெட்டி கிடைக்காததால் லேப்டாப்பின் சொந்த மைக்கை அது எடுத்துக்கொண்டதை நான் கவனிக்கவில்லை. நீ படுக்கையறைக்குள் போய் மைக்கைத் தட்டக் கையைத் தூக்கினாய். "தட்டாதடா, பாடித் தொலை!" என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்தி, வெளியே ஹாலில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன்.

ஹெட்போனில் உன் குரல் கேட்டது. அது பெட்டியிலிருந்து நேராக வருவது. சாப்ட்வேருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த நேரம் பார்த்து போன். நாம் பாடிய மெல்லிசைக் குழுவின் முதலாளி. ஞாயிற்றுக்கிழமை கல்யாணக் கச்சேரிக்கு உனக்குப் பதிலாக ஆள் வேண்டுமாம். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, லேப்டாப் முன்னால் உட்கார்ந்தபடியே பேசினேன்.

"அவனா? தொண்டை காலி சார். உள்ள ஆசைக்குக் கத்திக்கினு கீறான். இனிமே அவன் பேரே வேணாம், என்னைப் போட்டுக்குங்க. எவ்ளோ வருஷம் அவன் பின்னாடியே நின்னு கோரஸ் பாடுறது?" சிரிக்கவும் செய்தேன். திரையில் கோடு நன்றாகத் துள்ளியது. பதிவாகிறது என்று நம்பினேன்.

கேட்டுப் பார்க்காமலே ஃபைலை உனக்கு அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை உன் இடத்தில் நின்று பாடினேன்.

பத்து நாள் கழித்து மயிலாப்பூரில் உன் வீட்டுக்கு வந்தேன். கழுத்தில் ஓட்டையோடு கட்டிலில் சாய்ந்திருந்தாய். உன் மனைவி வா என்றுகூடச் சொல்லவில்லை. "நீயே கேளுண்ணா" என்று போனை நீட்டினாள். என் குரல் கணீரென்று வந்தது. அதற்கு அடியில், சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம், கொசு மாதிரி உன் தாலாட்டு. "திட்டுடா, நாலு அறை விடுடா" என்று அழுதேன். நீ நோட்டை எடுத்து ஒரே ஒரு வார்த்தை எழுதினாய்: "தட்டியிருக்கணும்." அவ்வளவுதான். நோட்டை மூடிவிட்டு மகளை மடியில் இழுத்துக்கொண்டாய்.

என் குரலைப் பிரித்தெடுக்க எத்தனையோ நாள் மல்லுக்கட்டினேன். என்னை அழித்தால் நீயும் அழிந்தாய். நீ போய்ச் சேர்ந்தபோதும் அந்த வேலை முடியவில்லை. இன்னும் முடியவில்லை.

போன வாரம் உன் வீட்டுக்குப் போனேன். மதியம். குழந்தையைத் தூங்கவைக்க உன் மனைவி அந்த ஃபைலைத்தான் போட்டாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்தப் பாட்டு வேற எதுலயும் இல்லியே" என்றாள். குழந்தை என் தொடைமீது காலைப் போட்டுக்கொண்டு, "மாமா, எங்கப்பா பாட்டு எனக்கு ஃபுல்லா தெரியும்" என்றது. கண்ணை மூடிக்கொண்டு பாடவும் ஆரம்பித்தது. ராகம் உன்னுடையது, ஒரு இடத்திலும் பிசகவில்லை.

"தொண்டை காலி சார்... தொண்டை காலி..."