பகலில் இறங்கும் தண்ணீர்

மார்ச் 4, செவ்வாய்

நாங்கள் நிலத்தடி நீர் அளக்கும் ஏழாம் கிணற்றின் வரைபடத்தில் நீர்மட்டக் கோடு இன்றும் ரம்பப் பல் போலத்தான். பகலில் நான்கு சென்டிமீட்டர் இறங்குகிறது, இரவில் மெல்ல ஏறிக்கொள்கிறது. எங்கள் அலுவலகப் பொறியாளர் தாளைத் தள்ளிவிட்டார். "மீட்டர் பழுதும்மா. அந்த மூணு வருஷ அளவையும் அறிக்கையில இருந்து எடுத்துடுங்க."

நீர்மட்டம் பதியும் அந்த மீட்டரை இரண்டு முறை மாற்றியாயிற்று. பக்கத்தில் மோட்டார் எதுவும் கிடையாது. சுற்றிலும் மரங்கள் மட்டும். வெயிலில் நடந்து நடந்து எடுத்த அளவு – எடுத்துடுன்னா எப்படி எடுக்கறது?

மார்ச் 9

மேகம் மூடியிருந்த பதினோரு நாட்களைத் தேடிப் பிடித்தேன். பதினொன்றிலும் பல் சின்னது! வெயில் குறைந்தால் மரம் குறைவாகத்தானே குடிக்கும்? அண்ணி எட்டிப் பார்த்து, மரமும் உன்னைப் போல விடிந்த பிறகுதான் எழுந்திருக்கும் போல என்றாள்.

மார்ச் 10

பொறியாளரிடம் சொல்லிவிட்டேன். சிரிக்கவில்லை, அதுவே பெரிது. "தண்ணி ஒன்பது மீட்டர் கீழ கிடக்கு. அங்க வரைக்குமா வேர் போகும்?"

போகும். உலகெங்கும் எத்தனையோ செடிகொடிகள் நிலத்தடி நீரை நம்பித்தான் கோடையைத் தாண்டுகின்றன என்று படித்திருக்கிறேன். படித்தது போதாது, பழைய அளவும் செல்லாது, இங்கே கண்முன் காட்டுங்கள் என்றார். வாய் முந்திக்கொண்டது. இலை உதிர்ந்தால் கோடு நேராகும், துளிர்த்தால் பல் திரும்பும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். மே கடைசி வரை கெடு.

மார்ச் 27

ஒரு இலைகூட விழவில்லை.

ஏப்ரல் 16

எல்லா மரமும் மொட்டை. கோடு ஸ்கேல் வைத்து இழுத்தது போல நேராக இருக்கிறது. பேட்டரி போயிருக்கும் என்றார் பொறியாளர். நானே போய் அளவு நாடாவை இறக்கினேன் – காலை, மதியம், மாலை. ஒரே மட்டம்.

மே 5

துளிர்! மழை ஒரு சொட்டு இல்லை. எங்கேயிருந்து குடிச்சே, சொல்லு என்று அடிமரத்தைத் தட்டிக் கேட்டேன்.

மே 14

பல் வந்துவிட்டது. முதலில் ஒரு சென்டிமீட்டர், இன்று முழுதாக நான்கு. பொறியாளர் ஒவ்வொரு பல்லாக விரல் வைத்து எண்ணினார். "நான்தாம்மா தப்பு."

அண்ணிக்குப் போன் போட்டால் அழுகைதான் வருது. நல்ல சேதியா கெட்ட சேதியா, அதை முதலில் சொல் என்று அதட்டினாள்.

ஜூன் 19

பொறியாளர் என் வரைபடத்தை வெளிநாடுகளில் கிணறு அளப்பவர்களுக்கு அனுப்பியிருந்தார். பதினான்கு நாடுகளிலிருந்து பதில். எல்லாம் பழுது என்று ஒதுக்கி வைத்த கோடுகள் – மணல்காட்டுப் புதர், ஆற்றங்கரை மரம், ஓரிடத்தில் வெறும் புல். ஒருவர் எழுதியிருக்கிறார்: இதையே சொன்னதற்காக ஆறு வருடம் முன்பு அவரை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்களாம்.

இதைப் பற்றி எல்லாரும் சேர்ந்து எழுதும் ஆய்வுக் கட்டுரையில் பெயர்களை எந்த வரிசையில் போடலாம் என்று பொறியாளர் இன்று என்னிடம் கேட்டார். என் பெயருக்கு அடுத்து அந்த மனிதரின் பெயர் என்றேன். எழுதிக்கொண்டார்.