வெள்ளை ஒயரில் கருப்பு டேப்

ஹார்லிஞ்சன், டெக்சஸ்
ஜூலை, ஞாயிறு

அன்பு மகள் மாரிசேலாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் மூச்சோடு இருக்கிறோம், இந்த வெயிலில் அதுவே நலம்தான். அலாஸ்கா கடலில் மீன் வெட்டும் உன் விரல்கள் பத்தும் பத்திரமாக இருக்கட்டும். கப்பலில் போன் எடுக்காததால் எல்லாவற்றையும் எழுத வேண்டியிருக்கிறது.

ஏசி செத்துவிட்டது. குடியிருப்பு மேனேஜர் டுவெய்னிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். திருட்டுக்குப் பயந்து வீட்டுக் கம்பெனிக்காரர்கள் சன்னல்களை ஆணி அறைந்து மூடியதும் உனக்குத் தெரியும். பஞ்சாலைத் தூசியில் நுரையீரலைத் தொலைத்த மனிதர் மூடிய பெட்டிக்குள் ஆக்சிஜன் மெஷினோடு கிடக்கிறார், அதைக் கேட்க நாதியில்லை. கரண்டில் கை வைத்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. போகட்டும் என்று விளக்கு வைத்த கூரை மின்விசிறி ஒன்றை வாங்கி, அப்பாவைச் சின்ன ஆக்சிஜன் சிலிண்டருக்கு மாற்றி, கரண்டை நிறுத்த பிரேக்கரை இறக்கிவிட்டு நானே ஏணியில் ஏறினேன். கூரையில் இருந்த பழைய விளக்கைக் கழற்றினால் ஒரு வெள்ளை ஒயரின் முனையில் கருப்பு டேப் சுற்றி, அதைக் கருப்பு ஒயரோடு முறுக்கி வைத்திருந்தார்கள். முன்னால் குடியிருந்த எவனோ செய்த அலங்கோலம் என்று நினைத்து டேப்பைப் பிய்த்துப் போட்டேன். வெள்ளையை எல்லாம் வெள்ளையோடும், கருப்பை எல்லாம் கருப்போடும் சேர்த்தேன். பொழுது சாய்ந்தபின் பிரேக்கரை ஏற்றியதும், சுவிட்சைத் தொடாமலே விசிறியும் விளக்கும் தானாக ஓட ஆரம்பித்தன. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அப்பாவை மறுபடி மெஷினில் மாட்டிவிட்டு, அவர் கட்டிலருகே சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டினேன். டமார்! விசிறி நின்றது, விளக்கு போனது, கரண்ட் இல்லாமல் மெஷினும் கத்த ஆரம்பித்தது. இருட்டில் சிலிண்டரைத் தேடித் திறந்து குழாயை அவர் மூக்கில் வைப்பதற்குள் என் உயிர் போய் வந்தது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டே என்ன சொன்னார் தெரியுமா? “எல்விரா, என்னைக் கொல்லணும்னா தலையணை போதுமேடி, எதுக்கு ஏணி எல்லாம் ஏறிக்கிட்டு?” என்றார். சிரித்துக்கொண்டே அழுதேன்.

பிறகு பார்த்தால் அந்த டேப் என் செருப்பில் ஒட்டிக்கிடந்தது. அலங்கோலம் இல்லை அது. சுவிட்சுக்கு இறங்கும் அந்த வெள்ளை ஒயரிலும் கருப்பில் போவது போலவே கரண்ட் போகிறது, ஏமாந்துவிடாதே என்று யாரோ எனக்கு முன்னால் எச்சரித்து வைத்ததைத்தான் பிய்த்து எறிந்திருக்கிறேன். புது டேப் சுற்றி, முன்பு இருந்தபடியே மாட்டினேன். சுவரில் ஒரு சுவிட்சுதான், இறங்குவதும் இரண்டே ஒயர், அதனால் விளக்கு, விசிறி இரண்டில் ஒன்றைத்தான் அதில் தனியாக அடக்க முடியும். அப்பாவைக் கேட்டேன். “காத்து அது பாட்டுக்கு ஓடட்டும், வெளிச்சத்தை என் கையில குடு,” என்றார். அப்படியே செய்தேன்.

வியாழக்கிழமை டுவெய்ன் சோதனைக்கு வந்தான். நிமிர்ந்து பார்த்தான். “என்ன எல்விராம்மா, ஒப்பந்தம் மறந்துபோச்சா?” என்றான். ஏசியை நீ மறந்தாய், ஒப்பந்தத்தை நான் மறந்தேன் என்றேன். அவன் விசிறிக்குக் கீழேயே நின்று கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “நல்லாத்தான் போட்டிருக்கே. இன்னும் நாலு வீட்ல இதே தொந்தரவு. எலெக்ட்ரீஷியனுக்குக் குடுக்க கம்பெனிகிட்ட காசு ஏது? நீயே மாட்டிக் குடுத்துடு. நான் இதைப் பாக்கல,” என்றான். ஏதாவது தீப்பிடித்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டேன். “நான்தான் எதையுமே பாக்கலையே!” என்று சிரித்தான். கட்டிலில் இருந்து அப்பா, “சிரிப்பைப் பாரு, நாய்க்கு!” என்றார். அவன் காதில் விழாதது போல் போய்விட்டான்.

முடியாது என்றால் வீட்டைக் காலி செய்யச் சொல்வான், அப்புறம் எங்கே போவது மகளே? மெஷினோடு இருக்கும் நோயாளிக்கு இந்த ஊரில் யார் வீடு கொடுப்பார்கள்? ஆஸ்பத்திரியை விட்டுத் தூரமாகப் போனால் அவர் தாங்க மாட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். நாளைக்குப் போவதுதான் முதல் வீடு, நிறைமாதமாக இருக்கும் ஒரு பெண்ணின் வீடு. அவள் கூரைக்குள் எந்த ஒயர் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. அதை அவளிடம் மறைக்காமல் சொன்னேன். “வாங்கக்கா, வேற யாரு வரப்போறா?” என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அது டுவெய்ன் சிரித்ததை விட அதிகமாகச் சுட்டது.

எங்களைப் பார்க்க வேலையை விட்டு ஓடி வராதே. கன்னி மரியாள் உன்னைக் காக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு, கையுறை நனைந்தால் மாற்று. ஒன்று மட்டும் மறக்காதே. அங்கே எவனாவது, சும்மா செய்துகொடு, நான் பார்க்கவில்லை என்று சொன்னால் முடியாது என்று சொல். உன்னால் சொல்ல முடியும். உனக்கு இறங்கிப் போக ஒரு கரை இருக்கிறது.

அப்பாவின் முத்தங்களோடு,
உன் அம்மா
எல்விரா