எட்மன்ரனுக்கு ஓம் சொல்லு

ஸ்காபரோ
19.03.1997

அன்புள்ள மகள் நிரூபாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம், அந்தக் குளிரில் நீயும் ஒரு குறையுமில்லாமல் இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு அப்பா எழுதுவது. ரெலிபோனில் சொல்ல வாய் வராத ஒரு விஷயம், அதுதான் கடிதம். அம்மாவுக்கு முழங்கால் ஏலாது, நடக்க மாட்டாள் என்று போன மாதம் உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது பொய் பிள்ளை. நோ இருக்கிறதுதான், ஆனால் அஜின்கோர்ட் கடைக்கு அவள் நடந்துதான் போய் வருகிறாள். கலாநிதிப் பட்ட ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது, இன்னும் நாலு வருஷம் எட்மன்ரனில் என்று நீ சொன்னதும் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். நீ உடனே, அப்ப நான் வேண்டாமெண்டு எழுதிப்போட்டு வாறன் அப்பா என்றாய், நானும் உன்னைத் தடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கிளடிஸ் அன்ரி வந்தா. அம்மா அடுப்படியில் நின்று வடை சுட்டுக்கொண்டிருந்தாள். உங்களுக்குக் கால் ஏலாதெண்டு நிரூபா படிப்பை விட்டிட்டு வாறாளாமே, என்ரை மகளிட்டைச் சொன்னவளாம் என்று அன்ரி கேட்டா. அம்மா அவவுக்கு வடையும் தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பினாள். பிறகு என்னிடம், என்ரை காலைச் சாட்டி அவளின்ரை படிப்பை மறிச்சனீங்களோ என்று மட்டும் கேட்டாள். மூன்று நாளாகச் சாப்பாட்டுக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறாள்.

இந்த மூன்று நாளும் எனக்கு நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த முதல் விண்டர்தான் நினைவு. பதினோராம் மாடியில் ஒற்றை அறை, மூன்று பேருக்கும் ஒரே மெத்தை. ஊரில் பௌதிகம் படிப்பித்த நான் இங்கே யூனிவசிற்றிக் கட்டடத்தில் கிளீனிங் வேலை. துடைக்க வேண்டாம் என்று கரும்பலகையில் எழுதியிருந்தால் மொப்போடு நின்று சமன்பாடுகளை வாசிப்பேன், அதில் ஒரு சந்தோஷம். நாள் கடந்த நோட்டீஸ்களைச் சுவரில் இருந்து கழற்றி, பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று உனக்குக் கணக்குச் செய்யக் கொண்டுவருவேன். உனக்குப் பதினைந்து வயது. ஒருநாள் ஒன்றைத் திருப்பி வாசித்துவிட்டு, அப்பா, ஆத்திலை ஐஸ் எப்பிடி உடையுதெண்டு ஆராய்ச்சி செய்ய நாலு வருஷம் சம்பளமும் குடுப்பினமாம், உண்மையோ என்று கேட்டாய். ஓம் என்றேன். கடைசித் திகதியைப் பார்த்தாய், அது முடிந்திருந்தது. மடித்து வைத்துவிட்டுக் கணக்கைத் தொடர்ந்தாய். உனக்கு வேறை ஒண்டு வரும் பிள்ளை என்று சொன்னவன் நான். வந்திருக்கிறது, அதே ஆறும் ஐசும்தான். மறித்தவனும் நானேதான். வீடு வெறுமையாக இருக்கிறது என்பதைத் தவிரச் சொல்ல எனக்கு வேறு காரணம் இல்லை, அதை நீ சுமக்கத் தேவையில்லை. என்னோடு கோபிப்பதென்றால் கோபி, அது நியாயம்.

ஆற்றில் ஐஸ் அளக்கப் போகும்போது தனியப் போகாதே, இரண்டு சோடி சொக்ஸ் போடு, சாப்பிடாமல் வெளிக்கிடாதே. அம்மா மிளகாய்த்தூள் பார்சல் கட்டுகிறாள். பதில் கொடுக்க ஏப்ரல் பதினைந்து கடைசி என்றாய். வேண்டாமென்று எழுதியிருந்தாலும், இந்தக் கடிதம் கிடைத்ததும் முதலில் உன் பேராசிரியையிடம் போய் ஓம் சொல்லு. எங்களுக்கு ரெலிபோன் பிறகு எடுக்கலாம். எடுத்தால் அம்மாவோடு கதை, எனக்கு அவள் சொல்லட்டும், அப்படியாவது என்னோடு பேசுவாள்.

எல்லா நன்மையும் உன்னோடு இருக்க ஆசீர்வதிக்கும்,
அப்பா
க. நவரட்ணம்