காவேரி சாட்சி சொன்னாள்

மத்தூர்
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் எஸ்லினுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் அம்மாவும் நானும் நலமாக இருக்கிறோம், அயர்லாந்துக் குளிரில் நீயும் மருமகனும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் மன்றாட்டு. வழக்கு தள்ளுபடி ஆனதைப் போனில் சொன்னதுமே நீ அழ ஆரம்பித்துவிட்டாய், மீதியைச் சொல்ல முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

ஓசூரில் நிருபராக இருந்தபோது, கம்பெனித் தொழிலாளி மணிகண்டன் செத்தது ரோட்டு விபத்தில் இல்லை, கம்பெனிக்குள் மெஷினில் சிக்கித்தான் என்று நீ எழுதினாய். கம்பெனிக்காரர்கள் உன்மேல் மானநஷ்ட வழக்குப் போட்டார்கள், உன்னிடம் அழுதுகொண்டு சொன்ன அவன் மனைவி காவேரியே நான் அப்படிச் சொல்லவில்லை என்று மாற்றிப் பேசினாள், பத்திரிகையும் உன்னைக் கைவிட்டது. அயர்லாந்து போய் நீ மர்ம நாவல் எழுத உட்கார்ந்தபோது, நடந்ததை எழுதியவள் இட்டுக்கட்டி எழுதுகிறாளே என்று நான் கோபப்பட்டேன். மூன்று நாவல் வந்தும் ஒன்றைக்கூடத் தொடவில்லை. வாய்தாவுக்கு வாய்தா கிருஷ்ணகிரி கோர்ட்டுக்குப் போய் வந்ததுதான் நான் செய்தது.

போன மாதம் காவேரி தானாகவே நம் வக்கீலைத் தேடி வந்தாள். கல்லாவியில் தையல் வேலை செய்கிறாள், மகள் கவிப்ரியா பிளஸ் டூ படிக்கிறது. அந்தப் பெண்தான் உன் முதல் நாவலை நூலகத்திலிருந்து எடுத்து வந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறது. "பேருங்கதான் வேற, எங்க கதையேதாங்க அது. அந்தக் கதையில வர்ற பொம்பள கோர்ட்டு ஏறிப் பேசறா. நான் பயந்துக்கினு வாயத் தொறக்காம இருந்துட்டனேங்க" என்று என்னிடம் சொன்னாள். காவேரி கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொன்னாள், கம்பெனி வக்கீல் இரண்டு மணி நேரம் குடைந்தும் ஒரு வார்த்தை மாறவில்லை. தீர்ப்பைக் கேட்டதும் கோர்ட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மாவுக்குப் போன் போட்டால் சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்டாள்.

இப்போது உன் முதல் நாவலில் எழுபது பக்கம் தாண்டிவிட்டேன். கொலைகாரன் யாரென்று உன் அம்மா சொல்லப் பார்க்கிறாள், எனக்குத் தெரியாமல் மூன்றையும் எப்போதோ படித்து முடித்திருக்கிறாள்!

இனி பயமில்லாமல் ஊருக்கு வரலாம், கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் எடுத்துவிடு. கண்ணைக் கெடுத்துக்கொள்ளாமல் எழுது. மாதா உன் கூடவே இருப்பாள். ஒன்றை மட்டும் மறக்காதே, காவேரி பஸ் ஏறும்போது சொல்லி அனுப்பியது: "இனிமே எழுதினா அவரு பேர மாத்த வேணாம்னு சொல்லுங்க. மணிகண்டன்னே இருக்கட்டும்."

உன் அப்பா,
இன்னாசிமுத்து